இந்த சீசன் போவட்டும்

ஜோதியம்மாள் ஒன்பது வருஷம் மாசமாக இருந்தாள். எழுபத்தைந்தாம் வருஷம் வைகாசியில் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. எண்பத்து நான்காம் வருஷம் வைகாசியில்தான் பிள்ளை பிறந்தது. நடுவில் அரிசி விலை ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே மாடியில் அறை எழுப்பினார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்த வீடுகளில் சிலிண்டர் வந்தது. சந்தில் இருந்தவர்கள் முதல் இரண்டு வருஷம் ஜோதியம்மாளின் வயிற்றைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. கோடை முழுக்க தண்ணீர் வராத குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கப் பழகின ஜனங்களுக்கு, வராத பிள்ளை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

எல்லாம் அவள் கையால் வந்தது. தண்டராம்பட்டுப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை போடும் சடையன் என்கிற விவசாயியின் ஒரே மகள் அவள். எழுபத்திரண்டில் பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டு செங்கம் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துக்கு வந்தாள். வீடு சின்னது, பின்கட்டு பெரியது. ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, கத்திரிப் பாத்தி, கூரைமேல் ஏறிய பூசணிக்கொடி, இருபது கோழிகள். மாமியார் ரேணுகாம்பாள் ஊறுகாய் போட்டு ஜாடி ஜாடியாக மெஸ்களுக்குக் கொடுத்து அந்தக் குடும்பத்தை நிமிர்த்தியவள். மருமகள் கிளறின எலுமிச்சை ஊறுகாய் ஒன்று மழைக்காலம் முழுக்க வாயில் துணி வேடு கட்டாமல் மறந்துபோய்ப் பரண்மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அன்றைக்குப் போட்டது போலவே இருக்கிறது. பூசணம் இல்லை, புளித்த வாடை இல்லை. ரேணுகாம்பாள் விவரமானவள். தக்காளியைத் தொடச் சொன்னாள், பாலைத் தொடச் சொன்னாள், அறுத்த வாழைக்காயைத் தொடச் சொன்னாள். ஜோதியம்மாளின் கை பட்ட எதுவும் கெடவில்லை. பழுக்கவும் இல்லை. பட்ட இடத்தில் பட்டபடி நின்றது.

நின்றது நகர்வதற்கும் ஒரு வழி இருந்தது. மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டுக்கு விலக்காகிப் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் பாயும் தட்டுமாக உட்கார்ந்திருப்பாள். அந்த மூன்று நாளும் அவள் எதையும் தொடக் கூடாது, அவளையும் யாரும் தொடக் கூடாது. கை ஓய்ந்த உடனே நின்றதெல்லாம் விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பிவிடும். தக்காளி சிவக்கும், பால் திரியும். நாலாம் நாள் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்து, முதல் வேலையாக ஜாடிகளை வரிசையாகத் தொட்டுவிட்டுப் போவாள். ஊறுகாய் ஜாடி மட்டும் உன் வேலை, செடியும் கோழியும் என் வேலை என்று ரேணுகாம்பாள் பிரித்துவிட்டாள். மூன்று வருஷம் அது நன்றாகவே நடந்தது. ஊரில் எத்தனையோ வீடுகளில் மருமகளின் கைராசியைப் பற்றிச் சும்மா பேசிக்கொள்வார்கள். இங்கே அதைக் காசாக்கினார்கள்.

பிறகு அவள் உண்டானாள். ஏழாம் மாசம் வளைகாப்பு. தண்டராம்பட்டிலிருந்து சடையன் பொண்டாட்டியோடும் அஞ்சு வகைச் சோற்றோடும் வந்தார். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி முடித்தபோது பிள்ளை உதைத்தது. அதுவரைக்கும் அந்தக் கைகளுக்கு வயிற்றுப் பக்கம் போக நேரமே கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அன்றைக்கு மனையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள், செய்வதற்கு வேலை இல்லை. ஜோதியம்மாள் முதல் தடவையாக இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். சிரித்தாள்கூட. பிள்ளை அந்த ஏழாம் மாசத்திலேயே நின்றுவிட்டது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போவதற்குத்தான் சடையன் வந்திருந்தார். போயிருந்தால் தாய்வீட்டில் யார் அவளை வேலை வாங்கப்போகிறார்கள்? கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், பிள்ளை பிறந்து மூன்றாம் மாசம் திரும்பி வந்திருப்பாள். ஆனால் அது மாங்காய்க் காலம். கூடத்தில் ஆளுயரத்துக்கு மாங்காய் குவிந்து கிடந்தது.

"இந்த சீசன் போவட்டும் சம்பந்தி, நாங்களே கொண்டாந்து உட்றோம்" என்றாள் ரேணுகாம்பாள்.

சடையன் வாயில்லாதவர். தலையை ஆட்டிவிட்டு, கொண்டுவந்த மஞ்சள் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மாங்காய் போனால் எலுமிச்சை வந்தது. எலுமிச்சை போனால் கார்த்திகை தீபக் கூட்டம் வந்தது. கூட்டம் கலைந்தால் நார்த்தங்காய். பிள்ளை வயிற்றில் இருக்கும் பெண் விலக்காக மாட்டாள் என்பது அந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய லாபம். மாதத்தில் மூன்று நாள் கிடைத்துவந்த ஓய்வு ஜோதியம்மாளுக்கு அதோடு போயிற்று. மாமியாருக்கு முட்டிவலி வந்ததும் கோழியும் தோட்டமும்கூட அவள் தலையில் விழுந்தன. ராத்திரி அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதும் அவள்தான், அதனால் வலி கூடாமல் நின்றது. எண்பதாம் வருஷத்துக்குள் பலராமன் சைக்கிளை விட்டு மொபெட்டில் போனான். கெடாத சரக்குக்கு எதற்கு இத்தனை உப்பு, எதற்கு இத்தனை நல்லெண்ணெய் என்று அம்மாவும் பிள்ளையும் கலந்து பேசி, முதலில் எண்ணெயைக் கம்மி செய்தார்கள், பிறகு உப்பை. கடைசியில் வெந்நீரில் மிளகாய்த்தூளைக் கரைத்துக் காயைப் போட்டு, மருமகளைத் தொடச் சொல்லி வேடு கட்டினார்கள். வாங்கினவர்கள் உப்பு ஜாஸ்தி இல்லாத ஊறுகாய் என்று புகழ்ந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரிகள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தி பின்கட்டுப் பூசணிக்கொடியைப் போட்டோ எடுத்தாள். அது நாலு வருஷமாகப் பூவாகவே நின்றது. மஞ்சள் மஞ்சளாக, ஒரு பிஞ்சுகூட இல்லாமல்.

கோழிகளும் அப்படித்தான். முட்டை இடுவதில் குறை வைக்கவில்லை. அடைக்கு உட்கார்ந்தால் பொரிக்காது. வெள்ளைக் கழிச்சல் வந்த வருஷம் சந்தில் ஒரு வீட்டில்கூடக் கோழி மிஞ்சவில்லை. ஜோதியம்மாளின் கோழிகளுக்கும் கழிச்சல் கண்டது. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்துத் தடவினாள். சீக்கு அங்கேயே நின்றது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, பாதி சீக்கோடு, அவை வருஷக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கோழிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே பார்ப்பது போல இருக்கும். சாகவும் விடாது, பிழைக்கவும் விடாது.

தன் கைதான் காரணம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது. புருஷனிடம் சொன்னாள், மூன்று மாசம் என்னைச் சும்மா உட்காரவிடுங்கள், பிள்ளை பிறந்துவிடும் என்று. பலராமன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பிள்ளைமேல் ஆசைதான், தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கிகூட அடித்து வைத்திருந்தான். "சரிதான், இந்த சீசன் போவட்டும்" என்றான். ஒவ்வொரு வருஷமும் அதே குரலில், அதே பிரியத்தோடு சொன்னான். கெட்டவனாக இருந்திருந்தால் அவள் முன்பே கிளம்பிப் போயிருப்பாள். வைகாசி பிறந்ததும் சடையன் மஞ்சள் பையோடு வந்து நிற்பார். பையில் மகளுக்குப் புடவையும், பிள்ளைக்கு அவர் பொண்டாட்டி தைத்த சட்டையும் இருக்கும். காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். பேறுகாலத்துக்கு அடித்துப் போட என்று தாய்வீட்டில் வளர்த்த கோழி கிழடாகிச் செத்தது. அடுத்து வளர்த்ததும் செத்தது. பிறகு அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

எண்பத்து நான்கு மாசி கடைசியில் சடையனும் போனார். சேதி கொண்டுவந்த ஆள் வாசலில் நிற்கும்போதே ஜோதியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரேணுகாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"மாசமா இருக்கறவ சாவு வூட்டுக்குப் போவக் கூடாதுடி. உங்க அம்மா சாவுக்கும் இதத்தானே சொன்னேன். புள்ளைக்கு ஆவாது."

"அது எங்க நைனா அத்த. ஒம்போது வருசமா என்னக் கூட்டிம்போவ வந்தாரு."

"அதுக்கு? சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு என்பதும் சாஸ்திரம்தான். அது அவர்களுக்குத் தோதாக இல்லை, விட்டுவிட்டார்கள். இது தோதாக இருந்தது, பிடித்துக்கொண்டார்கள். ஜோதியம்மாள் அன்றைக்குச் சத்தம் போட்டு அழுதாள். மாரில் அடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக உடையாமல் இருந்த வளைகாப்பு வளையல்கள் குலுங்கின சத்தம் தெருமுனைவரை கேட்டது. மறுநாள் காலையில் எழுந்தாள். தட்டையும் டம்ளரையும் கோரைப்பாயையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் வீட்டுக்கு விலக்கு என்றாள்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கினு எவளாச்சும் வெலக்காவாளாடி?" என்று கத்தினாள் ரேணுகாம்பாள்.

"ஒம்போது வருசம் எவளாச்சும் மாசமா இருப்பாளா அத்த? நான் இருக்கேன் இல்ல?"

பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விலக்கு என்று சொல்லிவிட்ட பெண்ணை யார் போய்ச் சோதிப்பது? விலக்கானவளைத் தொட்டு இழுத்து வந்து ஜாடியில் கைவைக்கச் சொன்னார்கள் என்று வெளியே தெரிந்தால், மெஸ்ஸுக்கு அந்த ஊறுகாயை யார் வாங்குவார்கள்? நாலாம் நாள் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் நிற்கவில்லை என்றாள். பத்தாம் நாளும் அதையே சொன்னாள். ரேணுகாம்பாள் சோறு போடுவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு சரோஜா மதில்மேல் கிண்ணத்தை வைத்துக் கொம்பால் தள்ளிவிட்டாள். தலைக்குமேலே முருங்கைக்காய் தொங்கியது, காலடியில் கோழி முட்டையிட்டது, எதையும் அவள் தொடவில்லை. சாப்பிட மட்டும் கையை எடுத்தாள். பிள்ளை உதைத்தால் கை தானாக வயிற்றுக்குப் போகும் என்று பயந்து, மற்ற நேரத்தில் இரண்டு கையையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். ஒருநாள் மத்தியானம் அவள் கண்ணசந்த நேரத்தில் பலராமன் ஓசைப்படாமல் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து பாயை ஒட்டி வைத்தான், தூக்கத்தில் புரண்டு கை படாதா என்று. அவள் கண்ணைத் திறந்து, ஜாடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தான்.

"ஆர்டர் நிறையக் கெடக்குது. இந்த சீசன் மட்டும்" என்றான்.

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். பங்குனி முடிவதற்குள் ஜாடிகள் பொங்க ஆரம்பித்தன. உப்பும் எண்ணெயும் இல்லாத சரக்கு எத்தனை நாள் தாங்கும்? வேடுகள் உப்பித் தெறித்தன, கூடமெல்லாம் சாறு வழிந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்தவர்கள் சந்து முனையைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மெஸ்காரர்கள் ஜாடிகளைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் திட்டிவிட்டுப் போனார்கள். கோழிகள் பாதியில் நிறுத்தி வைத்திருந்த கழிச்சலை முழுசாக அனுபவித்துச் செத்தன. அவற்றில் ஒன்றின் அடியில் இருந்த முட்டைகளை சரோஜா தன் கோழிக்கு வைத்தாள்; எல்லாம் பொரித்தன. பூசணி பூவிலிருந்து பிஞ்சுக்கும், பிஞ்சிலிருந்து காய்க்கும் வந்தது. தேய்க்க ஆளில்லாமல் ரேணுகாம்பாளின் முட்டி வீங்கி, பின்கட்டுப் படி இறங்க முடியாமல் போயிற்று. உள்ளே உட்கார்ந்தபடியே வைதாள்.

வைகாசியில், மாங்காய் ஒன்றுகூட வாங்காத அந்த ஒரே வைகாசியில், முருங்கை மரத்தடியிலேயே பெண் குழந்தை பிறந்தது. சரோஜா மதிலேறிக் குதித்து வந்து பிள்ளையை வாங்கினாள். வலியில் ஜோதியம்மாள் மரத்தைப் பிடித்த பிடியில் வளையல்கள் அத்தனையும் உடைந்தன. பிள்ளைக்கு ஆதிலட்சுமி என்று பேர் வைத்தார்கள். எடை, அழுகை, நிறம் எல்லாம் சாதாரணம்.

ஏழாம் நாள் அவள் கைக்கெட்டிய தூரத்தில் சரோஜாவின் கோழிக்குஞ்சு ஒன்று வந்தது. மறந்துபோய் எடுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டாள். மற்ற குஞ்சுகள் இறக்கை முளைத்து, கொண்டை வைத்து, முட்டையும் இட்டன. அது மட்டும் பஞ்சு போலவே கீச்சிட்டுக்கொண்டு தன் கூடப்பிறந்ததுகளின் காலடியில் ஓடியது. பால் கொடுக்கும் பெண்ணுக்கு விலக்கு தள்ளித்தான் வரும். அது வந்த பிறகுதான் குஞ்சு வளர்ந்தது. ஒரு தடவை தொட்டால் அடுத்த விலக்குவரை நிற்கும் என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது. ஒன்பது வருஷம் சுமந்த பிள்ளையை அவள் தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுத்தாள்.

குளிப்பாட்ட, தூக்க, தொட்டிலில் போட யாராவது வேண்டும். பலராமன் இல்லை. வியாபாரம் போனதும் வேங்கிக்கால் பக்கம் மனை வாங்கி விற்கிறவர்களோடு சேர்ந்து, அங்கேயே ஒரு குடும்பமும் வைத்துக்கொண்டான். சரோஜாவுக்குத் தன் வீட்டு வேலையே தலைக்குமேல் இருந்தது. மிச்சம் இருந்தது ரேணுகாம்பாள்தான். ஜோதியம்மாள் ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மாமியாரின் முட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் தேய்த்தாள். அந்தக் கால் நின்றால்தான் அந்தக் கை பிள்ளையைத் தூக்கும். பிள்ளையைப் பிறக்கவிடாமல் பிடித்து வைத்தவளின் இடுப்பில் பிள்ளை வளர்ந்தது, அவள் தலை சீவிவிட்டாள், அவள் மடியில் தூங்கியது. ஜோதியம்மாள் கீரையும் சரோஜா வீட்டு முட்டையும் விற்று மூன்று பேருக்கும் சோறு போட்டாள். வயிறு எரியும். எரிந்தால் என்ன செய்வது, எண்ணெய் தேய்த்தாள்.

ஆதிலட்சுமிக்குப் பேச்சு வந்ததும் ரேணுகாம்பாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள், உங்கம்மா தூக்கினால் நீ வளர மாட்டாய் என்று. எண்பத்தாறு கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், சந்து முழுக்க மொட்டை மாடியிலும் மதிலிலும் ஏறி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை அம்மாவுக்கு எதிரே வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"வளரலன்னா பரவால்ல. தூக்கும்மா."

அவள் தூக்கினாள். மலைமேல் தீபம் எரிந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை, பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை தொட்டாகிவிட்டது, இனி விலக்குவரைக்கும் எத்தனை தொட்டாலும் ஒன்றுதான். அந்த மாதம் முழுக்க பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அவளே குளிப்பாட்டினாள், அவளே ஊட்டினாள். விலக்கு வந்தது, மரத்தடியில் போய் உட்கார்ந்தாள், பிள்ளை மறுபடி வளர ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு கார்த்திகை என்று இருவருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த வருஷமும் அப்படியே செய்தார்கள். எண்பத்தெட்டில் விலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவள், மார்கழியிலும் தூக்கினாள். தையிலும் தூக்கினாள். மாசியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றபோது சரோஜா கேட்டாள்.

"ஆனியில பள்ளிக்கூடத்துல சேக்கணும் இல்ல ஜோதி? எறக்கி உடறதுதானே?"

"இந்த ஒரு மாசம் போவட்டும் சரோஜா."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அதே குரல், அதே பிரியம். பிள்ளையை அங்கேயே, ஈரத்தரையில், இறக்கிவிட்டாள். குடத்தை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இறக்கியும் பிரயோஜனம் இல்லை, மாதங்கள் போனது போனதுதான். அந்த ஆனியில் ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் போல ஆதிலட்சுமியையும் வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், அப்போதும் விரல் காதுக்குமேல் முடியிலேயே நின்றது. வயசு அஞ்சு என்கிறீர்கள், வளர்த்தி இல்லையே என்றார் அவர்.

"எங்கம்மா தூக்கினாங்க சார், அதான்" என்றாள் ஆதிலட்சுமி.

ஹெட்மாஸ்டர் அந்த ஊர்க்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சளிப் பிடித்த பிள்ளைக்குத் தயிர் கொடுக்காதீர்கள் என்று சொல்வதுபோல, "அப்ப இந்த ஒரு வருஷம் தூக்காதீங்கம்மா. காது எட்டிட்டா சேத்துக்கலாம்" என்றார்.

சரிங்க சார் என்று ஜோதியம்மாள் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பிரித்து முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். பிள்ளை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. அடுத்த ஆனியில் விரல் காதைத் தொட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள், பிரேயரில் முதல் வரிசையில் நிறுத்தினார்கள். நடுவில் வந்த அந்த ஒரு தீபத்தை மட்டும் ஆதிலட்சுமி ரேணுகாம்பாளின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்தாள். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.